ஏழுமலையின் கழுத்தில் பதினொரு வெட்டு

மகனே,

போன வியாழக்கிழமை காலை எண்ணெய்க் கம்பெனி வாசலில், வேலைக்கு வந்த ஏழுமலையை இரண்டு பேர் கையை முறுக்கிப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் தலைமயிரைப் பற்றி முகத்தை மேலே தூக்க, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொடாமல் பழைய பிளேடால் அவன் தாடியை வழித்தாய். நீ யாரையோ விட்டு வழிக்கச் சொன்னாய் என்றும் ஒரு பேச்சு வந்தது. அப்படியே இருக்கட்டும் என்று ஆசையும் பட்டேன். பிறகு பார்த்தவர்கள் நான்கு பேரைத் தனித்தனியாக விசாரித்தேன். வழித்தது உன் கைதான். தாடையிலிருந்து தொண்டைக்குழி வரைக்கும் அவனுக்குப் பதினொரு வெட்டு. என் கண்ணால் எண்ணினேன். அவன் துள்ளியதால் வெட்டிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயாம். கை முறுக்கப்பட்டவன் துள்ளாமல் சிரித்துக்கொண்டா இருப்பான்? நீ செய்தது அநியாயம். அதற்குச் சின்னதாக வேறு பெயர் எதுவும் நான் வைக்கப் போவதில்லை.

இந்தக் கடிதத்தை உனக்குத் தபாலில் அனுப்புகிறேன். இன்னொரு பிரதி எழுதி நம் தெருப் படிப்பகத்தில் கொடுத்திருக்கிறேன். அங்கே சாயங்காலம் பேப்பர் வாசிக்கிறவர் இதையும் உரக்க வாசிப்பார். குடும்ப விஷயத்தை ஊருக்குச் சொல்லலாமா என்று நீ கேட்பாய். நீ வழித்தது குடும்பத்துக்குள் இல்லை, நாற்பது பேர் பார்க்கும் வாசலில். பதிலும் அப்படித்தான் வரும். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எண்ணெய் டின்னில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பார்த்து முப்பது வயதில் எழுத்துக் கூட்டினவன். எழுத்தில் தப்பு இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தில் தப்பு இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோது ஏழுமலை வாசற்படியில் வந்து நின்றான். கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டியிருக்கிறான் என்று நினைத்தேன். அது வெள்ளைத் துண்டு. உன் அம்மாவின் கையிலிருந்த குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“இன்னாடா இது? எவன் கூட சண்ட?” என்றேன்.

“சண்டன்னா நானும் ரெண்டு குடுத்துருப்பேனே நைனா. இது சவரம். உன் புள்ள பண்ணி வுட்டாரு. ஓசி சவரம்.”

“யாரு?”

“உன் புள்ளதான். புது மேஸ்திரி. பெரிய தொர பாத்துகினு நிக்கறாரு. இவரு வந்து என் கன்னத்த கட்ட வெரலால தடவுறாரு, மாடு வாங்க வந்தவன் மாதிரி. ‘இன்னாடா முள்ளு கீது?’ன்றாரு. ‘நாலு நாளா சீ கட்டிகினு கீது அண்ணாத்தே, பிளேடு வச்சா கிய்ஞ்சிரும். இன்னிக்கு மட்டும் மேல காத்து துருத்தி மிதிக்க வுடு’ன்னேன். அவ்ளோதான் நைனா நா பேசனது. அப்பால நா பேசல, என் தொண்டதான் கத்திச்சி.”

உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “எம் புள்ளயா?” என்று ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாள். அவளைத் தேற்றுவதற்காக, கழுத்து அறுபட்டவன் தமாஷ் பேசினான். “வுடும்மா. என் பொண்டாட்டி பத்து வருசமா மூஞ்சிய நல்லா காட்டு காட்டுன்னுகினு இருந்தா. இப்போ எலும்பு வரிக்கும் பாத்துக்கலாம்.” சொல்லிவிட்டுச் சிரிக்கப் போனான். சிரித்தால் தோல் இழுக்கிறது, இழுத்தால் ரத்தம் வருகிறது. வாயைப் பொத்திக்கொண்டு தோளால் சிரித்தான். நான் சோற்றிலிருந்து எழுந்து கை கழுவினேன்.

வேலையை விட்டு நின்றவன் நான், மறுநாள் கம்பெனி வாசலுக்கு வந்தேன். உனக்கு அது அவமானமாக இருந்திருக்கும். இருக்கட்டும். உன் கூண்டு மாதிரி அறைக்கு வெளியில் நின்று, ஏழுமலை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேள் என்றேன். நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. “இது கம்பெனி விஷயம், நீ வூட்டுக்குப் போ” என்றாய். நான் போகவில்லை. அப்போது நீ சொன்ன வார்த்தையை இங்கே எழுதுகிறேன், படிப்பகத்தில் எல்லோரும் கேட்கட்டும். “உன்ன மாதிரி தாடி வச்சிகினு எறங்கி இன்னொருத்தன சாவடிக்க சொல்றியா?” என்றாய். என் கையில் இருந்த தடியால் உன் கண்ணாடித் தடுப்பை உடைத்தேன். உன் மண்டைக்கு ஓங்கியது கடைசி நொடியில் கண்ணாடிக்குத் திரும்பியது என்பதையும் மறைக்கவில்லை. வாட்ச்மேன் என்னைக் கழுத்தில் கைபோட்டு வெளியே தள்ளினான். அவன் கையைக் கடித்தேன். நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

நீ சொன்னது பொய் இல்லை. அதனால்தான் அடித்தேன். காதர் பாய் செத்தது என் தாடியால்தான். இந்தக் கதையை உனக்கு நானேதான் சொன்னேன். அதைத் தடியாக்கி இன்னொருவன் கழுத்தில் வைப்பாய் என்று நினைத்துச் சொல்லவில்லை. நீ தெரிந்துவைத்திருப்பது பாதி. மீதியையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நம் வேலை தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் புரியவேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் டாங்குகளைக் காலி செய்தபின் உள்ளே இறங்கி, அடியில் தங்கிய சேற்றை மரப்பலகையால் வழித்து வாளியில் ஏற்றுவது எங்கள் கேங்கு. உள்ளே காற்று கிடையாது, ஆவிதான். முகத்தில் ரப்பர் முகமூடி. அதிலிருந்து ஒரு குழாய் வெளியே போகும். வெளியே ஒருவன் துருத்தியை மிதித்து அந்தக் குழாய் வழியே காற்று அனுப்பிக்கொண்டே இருப்பான். இன்னொருவன் உள்ளே இருப்பவனின் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருப்பான். ரப்பர் நெற்றியிலும் கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் தோலோடு ஒட்டவேண்டும். நடுவில் மயிர் இருந்தால் அந்த இடுக்கில் ஆவி நுழையும். முதலில் சிரிப்பு வரும். பிறகு தூக்கம் வரும். பிறகு ஒன்றும் வராது.

இப்படிப்பட்ட வேலைக்கு, சிரைத்தால் கட்டி கட்டியாகக் கிளம்பும் முகத்தோடு நான் வந்து சேர்ந்தேன். அதே முகம் உனக்கும் வந்திருக்கிறது. நாவிதரிடம் காலையில் சிரைத்தால் மறுநாள் கழுத்து முழுக்க அரிப்பு, மூன்றாம் நாள் சீழ். காதர் பாய் வண்ணாரப்பேட்டைக்காரர், என்னோடு ஜோடி சேர்ந்து வேலை பார்த்தவர். கப்பலில் வந்த யாரிடமோ வாங்கிய சேஃப்டி ரேசர் ஒன்று அவரிடம் இருந்தது. “மாமு, உன்துது மூஞ்சியா, முத்துன பலாக்காயா? இந்தா, இத்த வச்சி நீயே பண்ணிக்க. நாவிதரு கத்தி உன் தோலுக்கு ஆவாது” என்று எத்தனையோ முறை நீட்டினார். தன் முகத்தைத் தானே சிரைத்துக்கொள்வது தரித்திரம் என்று என் தகப்பனார் சொல்லுவார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் வாங்க மறுத்தேன். பிடிவாதம் நம் வீட்டுச் சொத்து. அதை நீ என்னிடமிருந்து வாங்கினாய், நான் என் தகப்பனாரிடமிருந்து.

யுத்த காலத்தில் உன் தங்கை வயிற்றில் இருந்தாள். பெண்டாட்டி முழுகாமல் இருக்கும்போது புருஷன் சிரைக்கக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். கேங்கில் அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. அப்படிப்பட்டவன் குழந்தை பிறக்கும்வரை டாங்குக்குள் இறங்கமாட்டான், வெளியே துருத்தி மிதிப்பான். நானும் மிதித்தேன். மூன்றாவது மாதம் தாடியைத் தடவிப் பார்த்தால் அடியில் ஒரு கட்டி இல்லை. பதினெட்டு வயதுக்கு அப்புறம் முதல் தடவையாக என் முகம் வலிக்காமல் இருந்தது. என் முகத்தைக் கெடுப்பது மயிர் இல்லை, ஒட்ட வெட்டிய மயிர் திரும்பித் தோலுக்குள்ளேயே முளைப்பதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தச் சந்தோஷமே எனக்கு எமனாக வந்தது. உன் அம்மாவுக்கு நிறைமாதம் ஆனபோது, குண்டு விழும் என்ற பயத்தில் பட்டணம் காலியாகிக்கொண்டிருந்தது. கேங்கில் பாதி ஆள் இல்லை. டாங்கை உடனே கழுவவேண்டும் என்று உத்தரவு. இறங்க ஆள் இல்லாமல் காதர் பாய் தொடர்ந்து நான்கு நாள் இறங்கினார். ஐந்தாம் நாள் நான் இறங்குகிறேன் என்றேன்.

“தாடிய எடுத்துட்டு எறங்கு மாமு. இல்லாங்காட்டி மிதி. ரெண்டுல ஒண்ணு” என்றார்.

எனக்கு வழக்கத்தையும் விடக்கூடாது, வலி இல்லாத முகத்தையும் விடக்கூடாது, இறங்கவும் வேண்டும். விளக்கெண்ணெயில் மைதாமாவைக் குழைத்துத் தாடி முழுக்கப் பூசி, அதன்மேல் முகமூடியை இழுத்துக் கட்டினேன். சப்பாத்தி மாவை மூஞ்சியில் அப்பிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காதர் பாய் மட்டும் சிரிக்கவில்லை. டாங்குக்குள் இருக்கும் சூடு தெரியாதவனா நான்? பத்து நிமிஷத்தில் மாவு இளகி வழிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே சேற்றில் மண்டியிட்டது வரைதான் ஞாபகம். கயிற்றைப் பிடித்திருந்தவன் இழுத்துப் பார்த்துவிட்டு ஆள் கூப்பிட ஓடினான். காதர் பாய் மிதித்துக்கொண்டிருந்த துருத்தியை விட்டுவிட்டு, ஈரத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு குதித்தார். என்னைத் திறப்பு வரைக்கும் இழுத்து வந்து மேலே தள்ளினார். வந்தவர்கள் என்னை இழுத்து மணலில் போட்டார்கள். மறுபடி உள்ளே பார்த்தபோது அவர் குப்புறக் கிடந்தார், முகம் சேற்றுக்குள் இருந்தது.

மூன்றாம் நாள் அவர் தம்பி ரஹீம் நம் வீட்டுக்கு வந்தான். நீ கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாய். என் தாடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். ஒரு தடவை இல்லை. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்தது. நான் கையைத் தூக்கவில்லை. அந்த அடி எனக்குச் சேரவேண்டியது. உன் அம்மா நிறைமாத வயிற்றோடு குறுக்கே வந்து நின்றதும் நிறுத்தினான். பையிலிருந்து அண்ணனுடைய ரேசரை எடுத்து என் முகத்தில் எறிந்தான். இடது புருவத்துக்கு மேல் இருக்கும் தழும்பு அதுதான். “இத்த வச்சி செரச்சிக்க. தெனோம் செரச்சிக்க. எங்கண்ணன் சொன்னப்பவே செரச்சிருந்தா அவன் இன்னிக்கு வூட்ல துன்னுகினு இருப்பான்” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே வழக்கத்தை உடைத்துத் தாடியை எடுத்தேன். பத்து நாளில் உன் தங்கை பிறந்தாள். கை கால் எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. அந்த வழக்கத்தால் எந்தக் குழந்தைக்கு என்ன நன்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு மனுஷன் போனான் என்பது தெரியும்.

அதற்கப்புறம் நான் செய்தது உனக்குத் தெரியும், ஆனால் ஏன் செய்தேன் என்று நீ யோசித்ததில்லை. தினமும் சிரைக்கவேண்டும், சிரைத்தால் முகம் புண்ணாகும், புண்ணானால் சிரைக்க முடியாது, சிரைக்காவிட்டால் ரப்பர் ஒட்டாது. இந்தக் கண்ணியை அறுக்காமல் விடமாட்டேன் என்று உட்கார்ந்தேன். டாக்டர் மருந்து எழுதித் தந்தார், மருந்து எரிந்தது, கட்டி போகவில்லை. சரி, என் முகத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இடது கன்னத்தில் ஒரு முறை, வலது கன்னத்தில் இன்னொரு முறை, ஒரு வாரம் மாற்றாமல் செய்வது, எந்தப் பக்கம் எத்தனை கட்டி என்று எண்ணி எழுதுவது. யுத்தத்தில் பிளேடு கிடைக்காது, பழைய பிளேடைக் கண்ணாடி டம்ளருக்குள் வைத்துத் தேய்த்துக் கூராக்குவோம். அப்படித் தேய்த்த பிளேடு மேலுக்கு வழவழவென்று போகும், ஆனால் தேய்த்த பக்கத்தில்தான் கட்டி இரண்டு மடங்கு. புது பிளேடு முதல் நாள் கடிக்கும், இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நல்லது, ஐந்தாம் நாள் குப்பை. தோலை விரலால் இழுத்துப் பிடித்துச் சிரைத்தால் மயிர் துண்டாகி உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது, அதனால் இழுக்கக்கூடாது. எதிர்ப்பக்கம் வழிக்கக்கூடாது. கழுத்தில் மயிர் எல்லா இடத்திலும் கீழ்நோக்கி முளைப்பதில்லை, என் கழுத்தில் வலதுபக்கம் சுழியாக இருக்கிறது, விரலால் தடவித் தடவி அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. அழுத்தக்கூடாது, ரேசரின் எடையே போதும். போன இடத்தில் மறுபடி போகக்கூடாது. படிக்காரம் தேய்த்தால் எரிச்சலைத் தவிர லாபம் இல்லை. கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும், அந்தத் திரிந்த சோப்பின்மேல் பிளேடு இழுத்தால் தோல் உரியும். புழல் ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைச் சுடவைத்து, துணியில் நனைத்து, ஒரு டீ குடிக்கும் நேரம் முகத்தில் போட்டுவைத்தால் மயிர் இளகிக் கொடுக்கும். காலையில் சிரைத்துவிட்டு உடனே ரப்பர் போட்டால் வேர்வை புண்ணில் இறங்கும், அதனால் முதல் நாள் சாயங்காலமே சிரைக்கவேண்டும்.

இதற்கெல்லாம் ஏழெட்டு வருஷம் ஆயிற்று. பாதி முகம் சிவந்தும் பாதி முகம் சரியாகவும் தெருவில் நடப்பேன். எதிர்வீட்டுக்காரன், “இன்னா நைனா, மூஞ்சியவே பாதி மதராஸ், பாதி ஆந்திரான்னு பிரிச்சிகினியா? மூக்கு யாருக்கு?” என்று கேட்பான். தெருவே சிரிக்கும். நான் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். உனக்குப் பதினாறு வயது. எனக்குத் தெரியாமல் ரேசரை எடுத்து, டம்ளரில் தேய்த்த பிளேடைப் போட்டு, கீழிருந்து மேலாகக் கழுத்தை வழித்துக்கொண்டாய். நான் வந்தபோது உன் பனியன் முன்புறம் முழுக்க ரத்தம். காதர் பாயின் ரேசர் உன் கையில் இருந்தது. எனக்குக் கண் தெரியவில்லை. அடித்தேன். கன்னத்தில் அடித்தேன், விழுந்தவனைத் தூக்கி மறுபடி அடித்தேன். காதில் பட்ட அடியில் காதுக்குள்ளிருந்தும் ரத்தம் வந்தது. இடது பக்கம் நின்று கூப்பிட்டால் நீ இன்றும் திரும்புவதில்லையே, அது பிறவிக் கோளாறு என்று பெண் வீட்டாரிடம் உன் அம்மா சொல்லியிருக்கிறாள். பிறவிக் கோளாறு இல்லை. என் கை. இதற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறேன். ஆனால் ஒன்று. என் அடியை நீ ஏழுமலையின் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. உன்னை அடித்த மறுநாளிலிருந்து ஆறு மாதம் நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து, உன் கழுத்தில் மயிர் எந்தப் பக்கம் போகிறது என்று உன் விரலை வைத்தே காட்டிக் கொடுத்தேன். இன்று துரை முன்னால் வழவழவென்று நிற்கிறாயே, அந்த முகம் அப்படி வந்தது. காய்ந்த தோலில், தேய்ந்த பிளேடு, எதிர்ப்பக்கமாகப் போனால் என்ன ஆகும் என்று இந்தப் பட்டணத்தில் உனக்குத் தெரிந்த அளவு வேறு எவனுக்கும் தெரியாது. தெரியாதவன் செய்திருந்தால் முரடன் என்று விட்டுவிடுவேன். நீ தெரிந்து செய்தாய்.

ஏழுமலைக்கு நான்கு நாள் தாடி இருந்தது என்பதும் உண்மை. அவன் சடையங்குப்பத்தில் இருக்கிறான். அங்கே குடிக்கவே நல்ல தண்ணீர் கிடையாது, உப்புத் தண்ணீரில் சிரைத்துச் சீழ் கட்டிக்கொண்டான். அதோடு இறங்கியிருந்தால் ரப்பர் ஒட்டாமல் போயிருக்கலாம். அதைப் பார்க்க வழி இருக்கிறதே. முகமூடியைப் போட்டுக்கொண்டு குழாய் முனையை உள்ளங்கையால் அடைத்து மூச்சை உள்ளே இழுத்தால், ஒட்டிய முகமூடி முகத்தை அப்பிப் பிடிக்கும். ஒட்டாதது காற்றை விடும். இரண்டு நொடி வேலை. இதையும் நான்தான் உனக்குக் காட்டினேன். கன்னத்தைக் கட்டைவிரலால் தடவுவது துரைக்குக் காட்டுவதற்கு. உள்ளங்கையால் அடைப்பது ஆள் பிழைப்பதற்கு. முகமூடி ஒட்டாவிட்டால் அவன் கேட்டபடி துருத்திக்கு அனுப்பியிருக்கவேண்டும். நீ அவன் உயிரைக் காப்பாற்ற அவனைச் சிரைக்கவில்லை. துரை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதற்காகச் சிரைத்தாய். அன்றைக்கு அவனை வேலைக்கு இறக்கவும் இல்லை, ரத்தம் ஒழுக வீட்டுக்குத் துரத்தினாய். அப்படியானால் சிரைத்தது எதற்கு?

இப்போது திங்கட்கிழமைக்கு மூன்றாம் நம்பர் பெட்ரோல் டாங்கில் இறங்கும் ஆள் என்று அவன் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிறாய். வராவிட்டால் வேலை போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாய். நேற்று அவன் கழுத்தைப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு வீங்கிவிட்டது. தாடைக்கு அடியில் விரல் தடிமனுக்குப் பொருக்கு. அதன்மேல் ரப்பர் உட்காராது. என் பழைய முகமூடியைப் போட்டு உள்ளங்கையால் அடைத்துப் பார்த்தேன். காற்று சீட்டி அடித்துக்கொண்டு உள்ளே போகிறது. திங்கட்கிழமை அவன் இறங்கினால் செத்துப்போவான். இறங்காவிட்டால் அவன் வீட்டில் நான்கு வாய் பட்டினி. இதற்கு நடுவில் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது உன் பிளேடு.

நேற்று சாயங்காலம் கேங்கு முழுக்கப் படிப்பகத்துக்கு எதிரில் கூடியது. யாரும் இறங்கக்கூடாது என்று சிலர். உன்னை வழியில் பிடித்து அதேமாதிரி சிரைக்கவேண்டும் என்று சிலர். பிளேடுகூடத் தயாராக வைத்திருந்தான் ஒருவன், அதை நான் பிடுங்கிச் சாக்கடையில் போட்டேன். ஏழுமலை கடைசியில் எழுந்தான்.

“அவரையே எறங்க சொல்லு நைனா. நா மிதிக்கிறேன்.”

“மிதிப்பியா?” என்று நான்தான் கேட்டேன்.

“மிதிப்பேன். நிறுத்த மாட்டேன். கால் கயண்டு வியுந்தாலும் மிதிப்பேன். ஆனா அவரு உள்ள நின்னுகினு, மேல எவன் மிதிக்கிறான்னு ஒரு தபா யோசிக்கணும். அவ்ளோதான்.”

கேங்கு ஒத்துக்கொண்டது. நானும் ஒத்துக்கொண்டேன். உன் அம்மா நேற்று ராத்திரியிலிருந்து என்னோடு பேசவில்லை. உனக்குக் கல்யாணத்துக்கு இருபத்தொரு நாள் இருக்கிறது என்பதை எல்லோரும் எனக்கு ஞாபகப்படுத்துகிறார்கள். எனக்கும் எண்ணத் தெரியும். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று உன்னைப் பயமுறுத்தப் போவதில்லை. வருவேன். கீழே எழுதியிருப்பது நடக்காவிட்டால் பந்தலில் நின்று இந்தக் கடிதத்தை முதலிலிருந்து வாசிப்பேன்.

செய்யவேண்டியது இது.

சனிக்கிழமை நீ சடையங்குப்பம் போகவேண்டும். ஆள் அனுப்பக்கூடாது. பழம், பலகாரம் எதுவும் கையில் இருக்கக்கூடாது. ஏழுமலையின் பெண்டாட்டி முன்னால் நின்று நீ செய்ததை உன் வாயால் சொல்லவேண்டும். துரை என்ற வார்த்தை அதில் வரக்கூடாது.

கையை முறுக்கிய இரண்டு பேரும் தலையைப் பிடித்தவனும் புண் ஆறும்வரை தினம் ஆளுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் ராயபுரத்துக் குழாயில் பிடித்து அவன் வீட்டுக்குச் சுமக்கவேண்டும். நடந்து.

உன் அம்மா அந்தத் தண்ணீரைக் காய்ச்சிப் புண்ணைக் கழுவித் தேங்காயெண்ணெய் தடவுவாள். அவள் இதற்கு ஒப்புக்கொண்டுவிட்டாள். என்னோடு பேசாதது வேறு விஷயம்.

ஏழுமலை பொருக்கு உதிரும்வரை பிளேடைத் தொடக்கூடாது. அதுவரை துருத்திதான் அவன் வேலை என்று பலகையில் உன் கையெழுத்தில் எழுதவேண்டும். உன்னை மன்னிக்கச் சொல்லி அவனிடம் யாரும் பேசக்கூடாது. அது அவன் இஷ்டம்.

துரையின் பூச்செடிகளுக்குக் கம்பெனிக்குள் புழல் தண்ணீர் குழாயில் கொட்டுகிறது. அந்தக் குழாயைச் சாயங்காலம் கேங்கு சிரைத்துக்கொள்ளத் திறந்துவிட வேண்டும் என்று நீ இங்கிலீஷில் எழுதித் துரையிடம் கொடுக்கவேண்டும். உன்னைப் படிக்கவைத்தது அதற்குத்தான்.

இனிமேல் வாசலில் யார் கன்னத்தையும் யாரும் தடவக்கூடாது. உள்ளங்கையால் அடைத்துப் பார்க்கவேண்டும். அதைப் பார்ப்பது மேஸ்திரி இல்லை, இறங்குகிறவனுக்காக மிதிக்கப் போகிறவன்.

நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண் இந்தக் கடிதத்தைத் தாலி ஏறுவதற்கு முன் படிக்கவேண்டும். மூன்றாவது பிரதி அவளுக்குப் போய்விட்டது.

உடைத்த கண்ணாடியை நான் என் கையால் மாற்றிப் போடுவேன். வாட்ச்மேனிடம் மன்னிப்புக் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ சுடுதண்ணீர் வைத்து, மூன்றாம் நாள் பிளேடு போட்டு, மயிர் போகும் பக்கமாக ஒரே தடவை வழித்துக்கொள்ளவேண்டும். அவசரப்படாதே.

திங்கட்கிழமை காலை ஏழு மணி, மூன்றாம் நம்பர் டாங்கு. கயிறு நான். துருத்தி ஏழுமலை. உள்ளே நீ.